சொல்லத் தெரிந்தவர் எழுதத் தொடங்கும் இடம்

முதியோர் வகுப்பில் பாடம் எடுக்கும் தன்னார்வலர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வங்கியில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடவும் பழகிவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு வரி சொந்தமாக எழுதுங்கள் என்றால் மட்டும், "போதும் தம்பி, இந்த வயசுல இது போதும்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சோம்பல் என்றும் ஆர்வம் இல்லை என்றும் நாம் நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அது ரொம்ப அரிது. பகல் முழுக்க களை எடுத்துவிட்டு, சமையலையும் முடித்துவிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு வந்து உட்காருகிறவருக்கு ஆர்வம் இல்லை என்று எப்படிச் சொல்வது? எழுதுவதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருக்கிறது என்பதை நாம்தான் அவருக்குக் காட்டாமல் விட்டிருக்கிறோம்.

அதைக் காட்டுவதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கற்பவர் தன் வாயால் ஒரு கதை சொல்கிறார். கதை என்றால் ராஜா ராணிக் கதையாக இருக்கவேண்டியதில்லை, தனக்கு நடந்த ஒன்று போதும். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஆசிரியர் எழுதுகிறார். அன்றைய பாடம் அதுதான். அதைப் படிக்கப் பழகியபின், மிச்சக் கதையை அவரே எழுதத் தொடங்குகிறார். கல்வித்துறையில் இதற்கு மொழி அனுபவ அணுகுமுறை என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும், செய்வதற்கு ஒரு கரும்பலகையும் கேட்கிற காதும் இருந்தால் போதும்.

இது ஏன் வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். ஐந்து வயதுக் குழந்தை எழுத்தோடு சேர்த்து உலகத்தையும் கற்றுக்கொள்கிறது. யானை, ஏணி, ஓணான் எல்லாமே அதற்குப் புதிதுதான். ஐம்பது வயதுக்காரர் அப்படியில்லை. தமிழ் அவரிடம் முழுசாக இருக்கிறது. ஒப்பாரி கட்டிப் பாடுவார். பழமொழி இல்லாமல் பேச்சை முடிக்கமாட்டார். அண்ணன் தம்பி சண்டையை யார் மனமும் நோகாமல் பேசித் தீர்ப்பார். அவருக்குத் தெரியாதது அந்த மொழியைத் தாளில் இறக்கிவைக்கும் வேலை மட்டும்தான். அவர் முன்னால் 'அணில், ஆடு, இலை' என்று விரித்துவைத்தால், தெரிந்ததையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று சொன்னதுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. எழுதும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. என்ன சொல்வது என்று யோசிக்கவேண்டும், அதே நேரத்தில் கொம்பு எந்தப் பக்கம், கால் எங்கே, புள்ளி எதன் மேல் என்றும் யோசிக்கவேண்டும். தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். எழுதிப் பழகாத கைக்கு இந்த இரண்டாவது வேலையே மூச்சு முட்டவைக்கும். கதையை முதலிலேயே வாயால் சொல்லி முடித்துவிட்டால் முதல் வேலை தீர்ந்துவிடுகிறது. மனம் முழுக்க எழுத்தின் மேல் நிற்கும்.

ஒரு தீவில் நடந்தது

இந்த முறை நன்றாக வேலை செய்த இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஜான்ஸ் தீவு. அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யப் போனால், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்டவேண்டும் என்று விதி இருந்தது. அவர்களை ஓட்டுப்போடவிடாமல் தடுக்கவே வைத்த விதி அது. ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களைத் தன் பேருந்தில் ஏற்றிச் செல்வார். அவருடைய பயணிகளில் ஒருவரான ஆலிஸ் வைன், எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் நானும் பதிவு செய்துகொள்வேன் என்று அவரிடம் கேட்டார். அப்படிக் கேட்டவர்களுக்காக 1957 சனவரியில் ஒரு வகுப்பு தொடங்கியது. கட்டடத்தின் முன்பக்கம் மளிகைக் கடை. பின்பக்கத்து அறைகளில் வகுப்பு. வெள்ளையர்களின் கண்ணுக்கு அது கடையாக மட்டும் தெரியவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆசிரியராக வந்தவர் பெர்னிஸ் ராபின்சன். தொழிலால் அழகுக்கலைஞர், தையலும் தெரியும். பாடம் நடத்திய அனுபவம் கிடையாது. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தால் பாடத்திட்டத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார் என்று ஏற்பாட்டாளர்கள் அஞ்சினார்கள். ராபின்சனும் முதலில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பாடப்பொருள்களைத்தான் கொண்டுபோனார். எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டார். உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டார். பெயர் எழுதவேண்டும், பைபிள் படிக்கவேண்டும், மணியார்டர் படிவம் நிரப்பவேண்டும் என்று பதில்கள் வந்தன. அப்புறம், வயலில் இன்று என்ன செய்தீர்கள், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதினார். இது உங்கள் கதை, இப்போது உங்கள் கதையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம் என்றார்.

அதே அறையின் சுவரில் ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பிரகடனத்தையும் ஒட்டிவைத்திருந்தார். வகுப்பு முடிவதற்குள் இதையும் நீங்கள் படிப்பீர்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு பக்கம் களத்து மேட்டுப் பேச்சு, இன்னொரு பக்கம் உலகத்தின் மிகக் கனமான ஆவணங்களில் ஒன்று. கதையில் தொடங்குவது என்றால் கதையோடு நின்றுவிடுவது என்று சிலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு இந்தச் சுவரைத்தான் நான் எடுத்துச் சொல்வேன். இந்த மாதிரி வகுப்புகள் குடியுரிமைப் பள்ளிகள் என்ற பெயரில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவின. கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய போராட்டத்தின் வேர்களில் ஒன்றாக அவற்றை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் நடந்ததும் இதற்கு நெருங்கிய உறவுதான். அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் நடந்த அதே காலத்தில் அங்கும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பெண்கள் படித்த பாடங்களில் சாராயத்தால் குலைந்த குடும்பத்தைச் சொல்லும் சீதம்மா கதையும் ஒன்று. அதைப் பேசிப் பேசிக் கொதித்துப்போன தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அடுத்த பாடப்புத்தகத்தில் அந்தப் பெண்கள் செய்ததே ஒரு பாடமாக வந்தது. அதைப் படித்த மற்ற ஊர்ப் பெண்களும் கிளம்பினார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை வந்தது. அதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆனால் தன் ஊரில் நடந்தது அச்சில் வரும் அளவுக்குப் பெரிய விஷயம் என்று ஒருவர் அறியும்போது எழுத்தோடு அவருக்கு இருக்கும் உறவே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரு மாலை வகுப்பு எப்படிப் போகும்?

சரி, நாளைக்கு நம் வகுப்பில் எப்படிச் செய்வது? முதல் சிக்கல் கேள்வியில் இருக்கிறது. "உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "எங்க கதை என்ன பெரிய கதை" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கேள்வி சின்னதாகவும், கையால் தொட்டுக்காட்டக் கூடியதாகவும் இருக்கவேண்டும். கையில் இருக்கிற இந்தத் தழும்பு எப்படி வந்தது? உங்களுக்கு இந்தப் பேரை யார் வைத்தது? முதன்முதலாக வாங்கிய கூலியில் என்ன வாங்கினீர்கள்? போன வெள்ளத்தின்போது எதை முதலில் எடுத்துக்கொண்டு ஓடினீர்கள்? தழும்புக் கேள்விக்கு இதுவரை பதில் வராமல் இருந்ததில்லை. ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் முழங்கால் வரை சேலையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டத் தொடங்கிவிடுவார்.

ஒருவர் ஆடு காணாமல் போனதைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடம் சொல்வார். நடுவில் மருமகளைப் பற்றிக் கொஞ்சம் வரும், பக்கத்து வீட்டு நாய் வரும். முழுக்கக் கேளுங்கள். பிறகு, "இதில் ஐந்தாறு வரி பலகையில் எழுதலாமா அக்கா, எதை எழுதட்டும்?" என்று கேளுங்கள். எதை எழுதுவது என்று முடிவு செய்வதும் எழுத்து வேலைதான். அதை அவர் செய்யட்டும். பலகையில் இப்படி வரும்:

அன்னைக்கு ராத்திரி மழை.
ஆட்டைக் காணோம்.
நானும் சின்னவனும் தேடிப் போனோம்.
கம்மாக்கரையில நின்னுச்சு.
குட்டி போட்டிருந்துச்சு.
ரெண்டு குட்டி.

இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை நகர்த்தி மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். அடுத்து அவர் வாசிக்கட்டும். எழுத்து தெரியாமலேயே வாசித்துவிடுவார், ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மனப்பாடமாகச் சொல்கிறாரே, இது வாசிப்பா என்று கேட்கத் தோன்றும். இந்தக் கட்டத்தில் அது தேவையான மனப்பாடம். ஒலிக்கும் வடிவத்துக்கும் முடிச்சு விழுவது இங்கேதான். பின்பு வரிகளைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துப் போடுங்கள். 'ஆட்டைக் காணோம்' எது என்று தேடி எடுக்கும்போது மனப்பாடம் உதவாது, எழுத்தைப் பார்த்தே ஆகவேண்டும்.

அதன்பிறகு ஒரு சொல்லை மட்டும் எடுங்கள். குட்டி. இதில் 'கு', 'ட்', 'டி' இருக்கின்றன. முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் சட்டி, கட்டி, பெட்டி, தொட்டி, வட்டி எல்லாம் வரும். 'வட்டி' என்று எழுதியதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். மகளிர் குழுக் கடன், கந்துவட்டி, அடகுக்கடை என்று ஒவ்வொருவரும் பேச ஆரம்பிப்பார்கள். நாளைய கதை அதில் இருக்கிறது, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான இடம் இனிமேல்தான். கதை முடியவில்லை. "அந்த ரெண்டு குட்டியையும் எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டு, பதில் வரும்போது சாக்பீஸை நீங்கள் எடுக்காதீர்கள். "அதை நீங்களே எழுதுங்க, தெரியாத எழுத்தைக் கேளுங்க, நான் எழுதித் தரேன்" என்று பென்சிலைக் கொடுங்கள். 'மடில தூக்கி வந்தன்' என்று ஒரு வரி வரலாம். புள்ளி இருக்காது, சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் வாழ்க்கையில் பார்த்து எழுதாமல், சொந்தமாக எழுதிய முதல் வாக்கியமாக அது இருக்கலாம். அன்றைக்கு அது போதும்.

திருத்தவேண்டாமா?

இந்த முறையைச் சொன்னதும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. 'நின்னுச்சு' என்று பலகையில் எழுதலாமா, 'நின்றது' என்றல்லவா எழுதவேண்டும்? தமிழில் பேசுவதும் எழுதுவதும் இவ்வளவு தள்ளி இருப்பதால் நம் வகுப்புகளுக்கே உரிய சிக்கல் இது, இதில் நான் உறுதியாக ஒரு பக்கம் நிற்கிறேன். முதல் சில மாதங்களுக்கு அவர் சொன்னபடியே எழுதுங்கள். அவர் 'நின்னுச்சு' என்று சொல்லி, பலகையில் 'நின்றது' என்று இருந்தால், விரல் வைத்து வாசிக்கும்போது வாயும் கண்ணும் வெவ்வேறு பாதையில் போகும். எழுத்தும் ஒலியும் சேரவேண்டிய நேரத்தில் நாமே பிரித்துவிடுகிறோம். அதோடு, உன் பேச்சு தாளுக்கு லாயக்கில்லை என்ற செய்தியும் சத்தமில்லாமல் போய்ச் சேர்கிறது. பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாத ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டு அலுத்த செய்தி அது.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனு எழுத, செய்தித்தாள் படிக்க, பேரனின் பாடப்புத்தகத்தைப் பார்க்க அது வேண்டும். அதை இரண்டாவது உடுப்பாக அறிமுகம் செய்யலாம். அதே ஆட்டுக்கதையை, "இதைப் பேப்பரில் போட்டால் எப்படி எழுதுவாங்க?" என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். அவர்களுக்கு அது முழுக்கத் தெரியாத ஒன்றும் இல்லை. மேடைப்பேச்சிலும் தொலைக்காட்சிச் செய்தியிலும் காலமெல்லாம் கேட்டதுதான். 'நின்றது' என்று அவர்களே சொல்வார்கள், சிரித்துக்கொண்டே.

எழுத்துப்பிழைகளையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். ஒரு பக்கத்தில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் மெய்யெழுத்தின் புள்ளி, அடுத்த வாரம் குறில் நெடில். சிவப்பு மையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ல, ள, ழ பிழைகளைப் பொறுத்தவரை, படித்தவர்களுக்கே அந்தத் தடுமாற்றம் உண்டு, அவசரப்பட ஒன்றும் இல்லை.

நீங்களும் கதை சொல்லவேண்டும். கேட்பவராக மட்டும் உட்கார்ந்திருந்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல நாட்டுப்புறக் கதை ஒன்றைச் சொல்லி, முடிவுக்கு முன்னால் நிறுத்துங்கள். மாமியாரிடம் மாட்டிக்கொண்ட மருமகள் கொழுக்கட்டையை ஒளித்துவைத்தாள், மாமியார் அடுப்படிக்கு வருகிறாள், அப்புறம்? முடிவை ஒவ்வொருவரும் ஒரு வரியில் எழுதிக்கொண்டுவரட்டும். மாமியார்களும் மருமகள்களும் ஒரே வகுப்பில் இருந்தால் முடிவுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வரும், யார் எழுதியது என்று பெயர் பார்க்காமலே தெரியும். படிக்க அவ்வளவு ஆர்வமாக இருப்பார்கள். அவர்கள் எழுதுவதை உண்மையாகவே படிக்கக் காத்திருக்கும் ஒருவர் எதிரில் இருக்கிறார் என்பது, எந்தப் பரிசையும் விட எழுதத் தூண்டும்.

எல்லாம் கதையால் தீராது. நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். எழுத்து மனதில் நிற்கவில்லை என்று அவரும் நாமும் நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரத்திலேயே கண் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். வாசிப்புக் கண்ணாடி போட்டதும் பாதிச் சிக்கல் போய்விடும். மண்வெட்டி பிடித்த கைக்கு மெல்லிய பென்சில் வலிக்கும், பருமனான பென்சிலும் அகலக் கோடு போட்ட நோட்டும் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக எழுதவைக்காதீர்கள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

கதை கேட்கப் போனால் துக்கமும் வரும், இதை எல்லோரும் முன்கூட்டியே யோசித்துவைக்கவேண்டும். இறந்த பிள்ளை, குடித்துவிட்டு அடித்த கணவன், கடனில் போன நிலம். அழுதால் பாடத்தை நிறுத்திவிட்டுக் கூட இருங்கள். இதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று ஒருபோதும் தூண்டாதீர்கள். எழுத விரும்பினால் எழுதுவார். எழுதியதை யாருக்குக் காட்டுவது என்பதும் அவர் முடிவுதான். உருக்கமான பக்கம் ஒன்றைப் படம் எடுத்து, நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடுவது நம்பிக்கைத் துரோகம். அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

வகுப்பில் ஆண்கள் இருந்தால் அவர்களின் கதைகள் பெரும்பாலும் வேலையிலிருந்து வரும். கொத்தனார் கட்டிய முதல் வீடு, லாரியில் போன தூரம். அதற்குத் தனி உத்தி எதுவும் தேவையில்லை, கூச்சம் போக இரண்டு வாரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்று தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் மையங்கள் நடக்கின்றன. அதற்கென்று பாடநூலும் தேர்வும் உண்டு. இந்த முறையைச் செய்யப் பாடநூலைத் தூக்கிப்போடவேண்டியதில்லை. வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தைக் கதைக்கு ஒதுக்கினால் போதும். பாடத்தில் அன்று வந்த எழுத்துகள் அவர்கள் கதையில் எங்கே வருகின்றன என்று தேடவைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

எழுதிய பக்கங்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். சேர்த்துவையுங்கள். தலைப்பில் கதைக்காரரின் பெயரும் கீழே தேதியும் இருக்கட்டும், இரண்டையும் அவர் கையாலேயே எழுதவையுங்கள். பத்துப் பதினைந்து பக்கம் சேர்ந்ததும், சம்மதித்தவர்களின் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் தைத்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். தட்டச்சு செய்யவேண்டாம், அவரவர் கையெழுத்திலேயே இருக்கட்டும். மையத்தில் இரண்டு பிரதி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒருவர் தயங்கித் தயங்கி வந்து சேரும்போது, பாடநூலுக்கு முன்னால் அவர் கையில் கொடுக்கவேண்டியது அந்தத் தொகுப்பைத்தான். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எழுதியவர் அதே தெருக்காரர்தானே, பக்கத்தில் உட்கார்ந்து அவரே வாசித்துக் காட்டட்டும்.